“வாரண்டி செல்லாது சார்!” – என்ஜின் போனால் கைவிரிக்கும் டீலர், கார்காரர் செய்ய வேண்டியது என்ன?

புது கார் எடுக்கிற அன்று ஷோரூம் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

பெரிய அட்டையில் சாவி செய்து கையில் கொடுப்பார்கள். குடும்பத்தோடு நிற்க வைத்து போட்டோ பிடிப்பார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே வரும்.

அதே கட்டிடத்தின் பின்பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது. அது சர்வீஸ் வாசல். அங்கே மாலை கிடையாது. போட்டோவும் கிடையாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுரோட்டில் நின்றுபோய், இழுவை வண்டியில் தொங்கியபடி அந்த வாசலுக்கு வந்து சேர்கிறது என்று வையுங்கள். மூன்று நாள் கழித்து போன் வரும்.

“சார், என்ஜின் போயிடுச்சு. ஒன்றரை லட்சம் ஆகும்.”

“வாரண்டி இருக்கே?”

“வாரண்டி செல்லாது சார்!”

இந்த ஒரு வரியைக் கேட்டு ஆடிப்போகிறவர்கள் பலர். கார் விஷயம் நமக்கு என்ன தெரியும், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடுகிறார்கள்.

செல்லாது என்று சொன்னது யார்? எதைப் பார்த்துச் சொன்னார்? அதை எழுதிக் கொடுத்தாரா?

இந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் பணம் கட்டியவர், பிறகு எந்தக் கோர்ட்டு வாசலில் போய் நின்றாலும் கையில் பிடிமானம் இருக்காது.

கணக்குக்கு ஒரு டாக்சி

ஒரு கணக்குக்காக ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். நிஜ ஆள் அல்ல. ஆனால் இவர் மாதிரி ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சொந்தமாக ஒரு கார் வாங்கி, தானே டாக்சியாக ஓட்டுகிறவர். வண்டி விலை ரூ.8 லட்சம். பாங்கிக் கடன். மாதத் தவணை ரூ.16 ஆயிரம். செலவு போக ஒரு நாளைக்கு ரூ.1,500 கையில் நிற்கும்.

வண்டிக்கு மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோ மீட்டர் வாரண்டி. இதில் எது முதலில் வருகிறதோ அன்றோடு வாரண்டி முடிந்தது. இவர் வண்டி இரண்டேகால் வருஷத்தில் 62 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு கணக்கிலும் வாரண்டி உயிரோடுதான் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சவாரியோடு போகும்போது என்ஜின் “டொக் டொக்” என்று தட்டுகிறது. ஓரம் கட்டுகிறார். வண்டி டீலரிடம் போகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ரூ.1,500 நஷ்டம். ஒரு மாதம் வண்டி நின்றால் ரூ.45 ஆயிரம். தவணை மட்டும் நிற்காது. வீட்டு வாடகையும் நிற்காது.

இவரைத்தான் “செல்லாது” என்ற சொல் சாய்த்துவிடுகிறது. பொறுத்துப் பார்க்க இவருக்கு நேரம் இல்லை. அது டீலருக்கும் தெரியும்.

கவுண்டரில் நடப்பது

சர்வீஸ் கவுண்டரில் பேச்சு இப்படித்தான் போகும்:

“சார், உள்ளே ஆயில்ல கசடு கட்டியிருக்கு. நீங்க டைமுக்கு ஆயில் மாத்தல.”

“யார் சொன்னது? எல்லா பில்லும் உங்க பில்லுதான். இந்தாங்க, பாருங்க.”

“இருக்கு சார். ஆனா பத்தாயிரத்துல விட வேண்டிய சர்வீஸை ஒரு தடவை பதினோராயிரத்து நானூறுல விட்டிருக்கீங்க.”

“ஆயிரத்து நானூறு லேட்டுக்கு என்ஜின் போயிடுமா?”

“எனக்குத் தெரியல சார். கம்பெனி ரிஜெக்ட் பண்ணிடுச்சு.”

“கம்பெனியில யாரு? லெட்டர் காட்டுங்க.”

“மெயில்ல வந்துச்சு சார். அது எங்க ஆபீஸுக்குள்ள. வெளியே தர மாட்டோம்.”

இங்கேதான் முடிச்சு. முடிவு எடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரணம் கைக்கு வருவதில்லை. கவுண்டரில் நிற்கும் பையன் மேல் கோபப்பட்டுப் பயனும் இல்லை. அவன் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன்.

சாமி வேறு, பூசாரி வேறு

டீலர் ஏன் செல்லாது என்கிறார்? அவர் கெட்டவர் என்பதால் அல்ல. உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது.

வாரண்டி கொடுப்பவர் காரைச் செய்த கம்பெனி. வேலை செய்பவர் டீலர். டீலர் முதலில் தன் கையிலிருந்து பாகத்தையும் கூலியையும் போட்டு வேலையை முடிக்கிறார். பிறகு கம்பெனிக்குக் கணக்கு அனுப்பிப் பணம் வாங்குகிறார்.

அந்தக் கணக்கைக் கம்பெனி சோதித்துப் பார்க்கும். “இது வாரண்டியில் வராது, நீ ஏன் செய்தாய்?” என்று தள்ளிவிட்டால் அந்தப் பணம் டீலருக்கு நஷ்டம்.

சின்ன பாகம் என்றால் துணிந்து மாற்றிக் கொடுத்துவிடுவார். என்ஜின் என்றால் யோசிப்பார். லட்சக் கணக்கில் மாட்டிக்கொள்வானேன் என்று நினைப்பார். அதே வேலையை கார்காரர் பணத்தில் செய்தால் உடனே காசு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்பார்கள். இங்கே சாமி ஓர் ஊரில், பூசாரி ஓர் ஊரில். அதனால் பூசாரி “இல்லை” என்றதும் திரும்பி வந்துவிடக் கூடாது. சாமிக்கே மனுப் போட வேண்டும்.

வாரண்டி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு விலாசமும் மின்னஞ்சலும் அச்சடித்திருக்கும். டீலருக்கு எழுதும் எந்தக் கடிதத்துக்கும் அங்கே ஒரு நகல் போக வேண்டும். கம்பெனியின் ஏரியா என்ஜினீயர் நேரில் வந்து, உங்கள் எதிரிலேயே வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

முதலில் போனது எது?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வாரண்டி என்பது கார்காரர் செய்கிற எல்லா தப்புக்கும் காப்பு அல்ல.

டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகும், “வீடு போய்ச் சேர்ந்துடலாம்” என்று பத்து கிலோ மீட்டர் ஓட்டினால் என்ஜின் போகும். ஆயில் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசினால் பேரிங் தேய்ந்து, அந்த “டொக் டொக்” சத்தம்தான் வரும். அதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

மழைத் தண்ணீரிலும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் சென்னையில் கார்கள் முழுகியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் புகுந்த பிறகு சாவியைத் திருப்பினால், மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வாரண்டியில் வராது. இன்சூரன்சிலும், என்ஜினுக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் அந்த நஷ்டத்தைக் கேட்க முடியும்.

ஆனால் ஒவ்வொரு கோளாறுக்கும் இரண்டு முகம் உண்டு.

ஆயிலில் கசடு இருக்கிறதா? நாள் கடந்து ஆயில் மாற்றினாலும் கசடு வரும். ஆயில் ஓட்டத்தில் உள்ளேயே குறை இருந்தாலும் வரும்.

ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருக்கிறதா? கூலன்ட் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். சூடேறியது ஏன்? டிரைவர் கூலன்டைக் கவனிக்காததாலும் இருக்கலாம். கம்பெனி வைத்த வாட்டர் பம்போ, தெர்மோஸ்டாட்டோ முதலில் செத்ததாலும் இருக்கலாம்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முதலில் போனது எது? அது ஏன் போனது?

“கசடு இருக்கு, அதனால் செல்லாது” என்பது பதில் அல்ல. “இந்தக் கசடு இந்தக் காரணத்தால் வந்தது, அதனால் இந்தப் பாகம் போனது” என்று சங்கிலி மாதிரி காட்ட வேண்டும்.

“தண்ணீர் போயிருக்கு” என்றால் ஏர் பில்டரைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் நுழையும் வழி அதுதான். அதில் ஈரமோ, சேறு படிந்த கோடோ இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

“கலப்பட பெட்ரோல்” என்றால் டாங்கில் இருந்து எடுத்த சாம்பிள் எங்கே, சோதித்த தாள் எங்கே என்று கேளுங்கள்.

இப்போது வருகிற கார்களில் என்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. கோளாறு வந்ததும் அதில் குறிப்பு ஏறிவிடும். சர்வீசில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறார்களே, அந்தக் குறிப்பைத்தான் படிக்கிறார்கள். படித்ததை அழிக்கவும் அதே ஸ்கேனரால் முடியும். ஆகவே அழிப்பதற்கு முன்பு ஒரு பிரிண்ட் வாங்கிவிட வேண்டும்.

கழற்றும் முன் கவனம்!

வாரண்டி சண்டையில் ஜெயிப்பதும் தோற்பதும் கோர்ட்டில் அல்ல. என்ஜினைக் கழற்றுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில்தான்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டு போடுவார்கள். அதில் அவர்களாக “என்ஜின் நாய்ஸ்” என்று இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். அது போதாது. நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லுங்கள்.

“70 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது திடீர் சத்தம். எந்த விளக்கும் எரியவில்லை. உடனே நிறுத்திவிட்டேன். இழுத்து வந்தேன்.”

இந்த நாலு வரி பிறகு லட்ச ரூபாய் பெறும். ஆனால் நடந்தது அதுவாக இருக்க வேண்டும். விளக்கு எரிந்திருந்தால் எரிந்தது என்றே எழுத வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி பொய் சொல்லாது.

கிலோ மீட்டர் எண், தேதி, நேரம் மூன்றும் அந்த அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் வாங்காமல் நகராதீர்கள்.

அடுத்து ஒரு கொக்கி வரும். “கழற்றிப் பார்த்தாதான் தெரியும் சார். கழற்ற இவ்வளவு ஆகும். கையெழுத்துப் போடுங்க.”

சும்மா போடக் கூடாது. “வாரண்டியில் சேரும் என்று தெரிந்தால் கழற்றும் கூலி கேட்கக் கூடாது. என் எதிரில் கழற்ற வேண்டும். கழற்றிய பாகங்களை எனக்குச் சொல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது” என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

இதில் பாகம் முக்கியம். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடுவது வழக்கம். அது போவதற்கு முன் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காசு கட்டி மாற்றினால் பழைய பாகம் உங்கள் சொத்து. கேட்டு வாங்கி மூட்டை கட்டி வீட்டில் வையுங்கள். தேய்ந்த பேரிங் ஒன்று பத்து சாட்சிக்குச் சமம்.

வடித்த ஆயிலிலும் ஒரு பாட்டில் வாங்கி மூடி, இரண்டு தரப்பும் அதன்மேல் தேதி போட்டுக் கையெழுத்து இட்டால் நல்லது. ஆயிலைச் சோதித்தால் அதில் இரும்புத் தூள் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

என்ஜினின் அடிப்பாகத்தையே மாற்றினால் என்ஜின் நம்பரும் மாறும். அதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் விட்டால் பின்னால் வண்டியை விற்கும்போது அல்லாட வேண்டியிருக்கும். அதற்கு வேண்டிய பில்லையும் கடிதத்தையும் டீலரிடம் அன்றே வாங்கிவிட வேண்டும்.

காத்திருக்க முடியாதவர்

சரி, எழுதியாச்சு. கம்பெனிக்கும் மெயில் போட்டாச்சு. பதில் இல்லை. நாள் ஓடுகிறது. மாசத் தவணை வருகிறது. வண்டி ஓடியாக வேண்டும். என்ன செய்வது?

பணத்தைக் கட்டி வண்டியை எடுக்கலாம். ஆனால் வாயை மூடிக்கொண்டு கட்டக் கூடாது.

“இந்த வேலை வாரண்டியில் சேர வேண்டியது. பிழைப்புக்கு வண்டி தேவைப்படுவதால், என் ஆட்சேபனையோடு இந்தத் தொகையைக் கட்டுகிறேன். திரும்பப் பெறும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.”

இப்படி ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் அங்கேயே நின்று மெயில் அனுப்புங்கள்.

பில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதே நியாயமற்ற வியாபாரம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

வண்டியை எடுக்கும்போது இன்னொரு தாள் நீட்டுவார்கள். “வேலை எனக்கு முழுத் திருப்தி” என்று அச்சடித்திருக்கும். அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அது நாளை உங்களுக்கு எதிராகப் பேசும். “ஆட்சேபனைக் கடிதத்துக்கு உட்பட்டு” என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

வண்டியை டீலரிடம் விட்டுவிட்டு வழக்குப் போடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள் கணக்கில் இடத்தை அடைத்ததற்கு வாடகை கேட்டு நோட்டீசு வரலாம். “தகராறு தீரும்வரை வாடகை கேட்கக் கூடாது, முடிவை எழுத்தில் தராமல் தாமதிப்பது நீங்கள்தான்” என்று முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது.

வெளி மெக்கானிக்

“வெளியில ஆயில் மாத்தினீங்க, அதனால வாரண்டி கட்” என்பது இன்னொரு பழைய பல்லவி.

இதில் ஒரு பெரிய உத்தரவு இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்சும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கட்டிப் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் கெட்ட பாகத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அந்த உத்தரவின் போக்கு.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. ஆகவே அந்த உத்தரவை மட்டும் நம்பி, வாரண்டி உள்ள வண்டியை மரத்தடியில் திறந்து போடாதீர்கள்.

அவசரத்துக்கு வெளியூரில் ஆயில் மாற்ற நேர்ந்தால், என்ன ஆயில், என்ன கிரேடு, எத்தனை லிட்டர், எத்தனையாவது கிலோ மீட்டர் என்று எழுதிய பில் வாங்கி வையுங்கள். காலி டப்பாவையும் ஒரு படம் எடுங்கள்.

சர்வீஸ் லேட்டானவர்கள் வாரண்டி புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இத்தனை கிலோ மீட்டர், இத்தனை நாள் முன்பின் போகலாம் என்று சலுகை கொடுத்திருக்கிறதா என்று அதில் தேடுங்கள். கவுண்டரில் சொல்வதும் புத்தகத்தில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

“டாக்சி ஓட்டுறவன் நுகர்வோரே இல்லை. நீ வியாபாரி. உனக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது” என்று சிலர் பயம் காட்டுவார்கள்.

பயப்பட வேண்டாம். 1995-ல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டை எதிர்த்து வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கிவிட்டது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்றது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் வண்டியை வாங்கி முழுக்க முழுக்க வேறு ஆளை விட்டு ஓட்டுகிறவருக்கு இது பொருந்தாது.

“என்ஜின் போச்சு, புது காரே கொடு” என்று கேட்கலாமா?

2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் அதற்குப் பதில் கிடைத்தது. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது. அந்த வாரண்டியை வைத்து முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது கோர்ட்டு. எனவே ஆத்திரத்தில் பேராசைப்பட்டு மனு எழுதாதீர்கள். என்ஜின் வேலைக்குக் கட்டிய பணம், வண்டி நின்ற நாட்களின் நஷ்டம், இழுவைக் கூலி என்று கணக்கோடு கேளுங்கள்.

கார் தயாரிப்பிலேயே குறை என்றால் கதை வேறு. 2010-ல் பியட் கார் வழக்கில், இரண்டு தரப்புக்கும் சேராத நிபுணர் பார்த்து தயாரிப்புக் குறை என்று சொன்னால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. நிபுணர் அறிக்கைக்கு அவ்வளவு பலம்.

யார் மேல் வழக்கு? இரண்டு பேர் மேலும்தான். டீலரையும் சேருங்கள். கம்பெனியையும் சேருங்கள்.

டீலர் தனி வியாபாரி, அவர் செய்த தப்புக்குத் தெரியாமல் இருந்த கம்பெனி பொறுப்பில்லை என்று 2021-ல் டாட்டா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அது பழைய வண்டியைப் புதிது என்று டீலர் விற்ற விவகாரம். ஆகவே “கம்பெனி கொடுத்த வாரண்டி இது, கம்பெனிக்கு இத்தனாம் தேதி எழுதினேன், பதில் இல்லை” என்று காட்டினால்தான் கம்பெனி நழுவ முடியாது. ஒருவரை விட்டுவிட்டால், இருக்கிறவர் இல்லாதவர் மேல் பழியைப் போடுவார்.

200 ரூபாயில் வழக்கு

முதல் படி போன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். எத்தனை மெயில் போட்டாலும் அசையாத கம்பெனி இதில் அசைவதும் உண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னையில் வடக்கு, தெற்கு என்று இருக்கிறது. கம்பெனி ஆபீஸ் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற இடத்திலோ, வேலை பார்க்கிற இடத்திலோ வழக்குப் போடலாம். 2019 சட்டம் கொடுத்த வசதி இது. 2020 ஜூலையில் இருந்து அமலில் இருக்கிறது.

கட்டணம் எவ்வளவு தெரியுமா? நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது. ரூ.5 லட்சம் வரை ஒன்றும் கிடையாது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ரூ.200. 20 லட்சம் வரை ரூ.400. 50 லட்சம் வரை ரூ.1,000. நம் டாக்சிக்காரர் கட்ட வேண்டியது 200 ரூபாய்தான்.

வக்கீல் வைக்கலாம். வைக்காமல் தானே வாதாடவும் உரிமை உண்டு. 2025 ஜனவரி முதல் தேதியில் இருந்து இ-ஜாக்ரிதி என்ற இணைய தளத்தில் வீட்டில் இருந்தபடியே மனுவைப் போடலாம்.

சோதனை தேவைப்பட்டால் பாகத்தை முத்திரையிட்டு லேபுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். சோதனை உள்ள வழக்கை 5 மாதத்திலும், மற்றதை 3 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா என்று இழுப்பதும் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

ஒரு கெடு முக்கியம். தகராறு வந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். “பேசிப் பார்க்கிறோம், பேசிப் பார்க்கிறோம்” என்று டீலர் இழுத்தடிக்கிற நாளும் அந்த 2 வருஷத்தில்தான் கழியும்.

ஒரே ஒரு வரி

இவ்வளவும் நினைவில் இல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

வாயால் சொன்ன “செல்லாது”க்கு மதிப்பில்லை. காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

எழுதிக் கொடுக்கச் சொன்ன உடனே கவுண்டரில் சுருதி மாறும். “மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்” என்பார்கள். மேனேஜர் வருவார். “ஏரியா என்ஜினீயர் வரட்டும் சார், இன்னொரு தடவை பார்ப்போம்” என்பார். எழுதிய காரணத்தை நாளைக்குச் சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டுமே என்ற யோசனை அவர்களுக்கும் உண்டு.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

“இத்தனாம் தேதி, இத்தனையாவது ஜாப் கார்டில் விட்ட என் வண்டியின் என்ஜின் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். முதலில் பழுதான பாகம் எது, அதற்குக் காரணம் என்ன, வாரண்டி புத்தகத்தின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்பதை ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். நகல்: கார் கம்பெனி.”

இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தால் அது ஆதாரம். பதில் வராவிட்டால் அதுவும் ஆதாரம்.

இதை எழுத வக்கீல் வேண்டாம். ஒரு பேனா போதும். என்ஜினைக் கழற்ற அவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நீங்கள் அந்தப் பேனாவை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்!